நகராட்சிக்கு வாதாடுவதா, மனையாளருக்கு வாதாடுவதா? நிலப் பயன்பாட்டுச் சட்டத்தில் இறங்கும் வழக்கறிஞருக்கு ஓர் ஒப்பீடு

சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ஒரு சீனியரிடம் ஐந்தாறு ஆண்டுகள் இருந்து, நிலமும் கட்டடமும் சார்ந்த நீதிப்பேராணை (ரிட்) மனுக்களில் கை பழகிய வழக்கறிஞருக்கு, தனி அலுவலகம் திறக்கும் நாள் நெருங்கும்போது ஒரு கேள்வி வந்து நிற்கும். மாநகராட்சி ஒன்றின் வழக்கறிஞர் பட்டியலில் இடம் கிடைத்தால் ஏற்றுக்கொள்வதா, கட்டுமான நிறுவனங்களுக்கும் மனை உரிமையாளர்களுக்கும் வாதாடப் போவதா என்பதே அந்தக் கேள்வி. இவ்விரண்டுக்கும் அப்பால், உள்ளாட்சியிலோ வாரியத்திலோ சம்பளத்துக்குச் சட்ட அலுவலராகச் சேர்வது, குடியிருப்போர் சங்கங்களுக்காக விதிமீறல்களை எதிர்த்து வழக்காடுவது என்று இன்னும் இரு வழிகளும் உண்டு. சிலவற்றில் நடந்தும் மற்றவற்றை அருகிருந்து பார்த்தும் வந்தவன் என்ற முறையில், எது யாருக்குப் பொருந்தும் என்பதை இங்கே எடைபோடுகிறேன். வருமானத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவதாக இருந்தால் இத்தனை பக்கம் தேவையில்லை. அந்தக் கணக்கில் உள்ளாட்சிப் பணி எப்போதும் தோற்கும்.

முதலில் களத்தின் நிலையைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் நிலப் பயன்பாட்டுக்கு அடிப்படையான நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்கீழ் நடைமுறையில் உள்ள ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தவை. வந்த நாளிலிருந்து திருத்தம் மேல் திருத்தமாக வளர்ந்துகொண்டே இருப்பவை. 1998இல் இயற்றப்பட்டு ஏறத்தாழ கால் நூற்றாண்டு கிடப்பில் இருந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2023 ஏப்ரல் 13 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை சென்னைக்கு 1919ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற நகராட்சிகளுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம், மதுரைக்கும் கோவைக்கும் தனித்தனிச் சட்டங்கள் என்று பிரிந்து கிடந்த அதிகாரங்கள் இப்போது ஒரே சட்டத்தின் கீழ் வந்துள்ளன. பழைய சட்டப் பிரிவுகளை ஒட்டி எழுந்த தீர்ப்புகளில் எவை புதிய சட்டத்துக்கும் பொருந்தும், எவை பொருந்தா என்பதை இன்னும் ஒவ்வொரு வழக்காகத்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறோம். 2024இல் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி ஆகியவையும் சேர்ந்து மாநகராட்சிகளின் எண்ணிக்கை 25 ஆகியிருக்கிறது. நேற்றுவரை நகராட்சியாக இருந்த ஊர்கள், சுற்றியுள்ள ஊராட்சிகளின் பழைய மனைப்பிரிவுகளையும் அவற்றின் வழக்குகளையும் சேர்த்தே சுமக்கத் தொடங்கியுள்ளன. இந்தத் துறையில் அடுத்த பத்தாண்டுகளுக்கு வேலைக்குக் குறைவிருக்காது என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த நாற்காலியில் அமர்ந்து அந்த வேலையைச் செய்வது என்பதே ஆராயத்தக்கது.

மாநகராட்சியின் நாற்காலி

பட்டியலில் உள்ள வழக்கறிஞரை நீதிமன்ற வட்டாரத்தில் ஸ்டாண்டிங் கவுன்சல் என்பார்கள். அவருக்குச் சம்பளம் கிடையாது. வழக்குக்கு இவ்வளவு, கருத்துரைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கட்டணம் உண்டு. அவர் செய்யும் வேலையை விளக்க ஒரு கட்டடத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். தரைத்தளமும் மூன்று மாடியும் கட்ட அனுமதி வாங்கியவர் நான்காவது மாடியை எழுப்பிவிடுகிறார். பக்கத்தில் விடவேண்டிய இடைவெளியையும் பாதியாகக் குறைத்துவிடுகிறார். அடுத்த வீட்டுக்காரர் புகார் கொடுக்க, நகரமைப்பு ஆய்வாளர் சென்று பார்த்து அறிக்கை தர, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின் கீழ் அறிவிப்பு போகிறது. உரிமையாளர் 80-ஏ பிரிவின்படி அரசிடம் முறையிட்டுவிட்டு, அது முடியும்வரை கட்டடத்தைப் பூட்டி முத்திரையிடக் கூடாது என்று உயர் நீதிமன்றத்துக்கு வருகிறார். முறையீட்டை இத்தனை வாரத்துக்குள் முடிக்க வேண்டும், அதுவரை நடவடிக்கை கூடாது என்று உத்தரவாகிறது. முறையீடு தலைமைச் செயலகத்தில் உறங்குகிறது. ஓராண்டு கழித்து அடுத்த வீட்டுக்காரர் தாமே மனுப்போட்டு, மாநகராட்சி ஏன் கைகட்டி நிற்கிறது என்று கேட்கிறார். பன்னிரண்டு வாரத்துக்குள் நடவடிக்கை எடுக்குமாறு உத்தரவு வருகிறது. அது நிறைவேறாதபோது நீதிமன்ற அவமதிப்பு மனு வருகிறது.

இந்த மூன்று வழக்குகளுக்கும் மூன்று எண்கள், மூன்று அமர்வுகள், பல வேளைகளில் மனுதாரர் தரப்பில் மூன்று வழக்கறிஞர்கள். மூன்றிலும் ஆஜராகிறவர் மாநகராட்சியின் வழக்கறிஞர் ஒருவர்தான். ஒரு கட்டடத்தின் முழு ஆயுளையும், அதாவது விண்ணப்பம், வரைபடம், அனுமதி, மீறல், அறிவிப்பு, முறையீடு, தடை, அவமதிப்பு என்ற முழுத் தொடரையும், ஒரே கோப்பில் பார்க்கும் வாய்ப்பு இந்தத் துறையில் வேறு எவருக்கும் இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கிடைப்பது தம் கட்சிக்காரர் கொண்டுவந்த காகிதங்களும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய சில பக்கங்களும்தான். குறிப்புப் பக்கத்தில் எந்த அலுவலர் எந்தத் தேதியில் என்ன எழுதினார், எங்கே பேனா தயங்கியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. நிலப் பயன்பாட்டுச் சட்டம் தீர்ப்புத் தொகுப்புகளில் இருப்பதைவிட அந்தக் குறிப்புப் பக்கங்களில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் அனுபவம்.

ஆனால் கோப்பு எப்போது கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்தே இந்தப் பணியின் மதிப்பு அமைகிறது. பெரும்பாலான உள்ளாட்சிகளில், வழக்கு எண் ஏறி விசாரணைப் பட்டியலில் வந்த பிறகு, அதுவும் முந்தைய நாள் மாலையில், ஓர் இளநிலை உதவியாளர் மனுவின் நகலோடு வந்து நிற்பார். பத்திவாரியான குறிப்புரை வேண்டுமென்றால் அடுத்த விசாரணைக்குள் தருவதாகச் சொல்வார். மறுநாள் நீதிபதி கேட்கும்போது, அறிவுறுத்தல் பெற அவகாசம் வேண்டும் என்பதைத் தவிர வழக்கறிஞர் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. இத்தகைய இடத்தில் பட்டியலில் இருப்பது அஞ்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைதான். அதில் கற்க ஓராண்டு போதும். மாறாக, அறிவிப்பு அனுப்பும் முன்பே வரைவைக் கருத்துரைக்கு அனுப்பும் ஆணையரும் நகரமைப்பு அலுவலரும் உள்ள இடங்களும் உண்டு. அங்கேதான் உள்ளாட்சி வழக்கறிஞர் என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது.

ஏனென்றால் மாநகராட்சி தோற்கும் வழக்குகளில் பெரும்பகுதி வாதத்தில் தோற்பதில்லை, அறிவிப்பிலேயே தோற்றுவிடுகிறது. இறந்துபோன தந்தையின் பெயருக்கு அனுப்பிய அறிவிப்பு, உட்பிரிவு எண் இல்லாத புல எண், எத்தனை அடி மீறல் என்ற அளவே இல்லாமல் விதிமீறல் உள்ளது என்று மட்டும் சொல்லும் ஆய்வறிக்கை, அதிகாரம் ஒப்படைக்கப்படாத அலுவலரின் கையெழுத்து, எதற்கு விளக்கம் கேட்கிறோம் என்பதையே சொல்லாத விளக்கம் கோரும் கடிதம் ஆகியவற்றை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை, நான் பெயர் சொல்ல விரும்பாத ஓர் உள்ளாட்சியில், பக்கத்துக் கட்டடத்தை அளந்துவிட்டு இந்தக் கட்டடத்துக்கு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அந்த வழக்கில் நான் எழுந்து நின்ற அரை நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை.

இத்தகைய பிழைகளின் விலை 2024க்குப் பிறகு கூடிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 13 அன்று, புல்டோசர் நடவடிக்கைகள் தொடர்பான வழக்கில், முன்னறிவிப்பு கொடுத்துக் குறைந்தது 15 நாள் கடந்த பிறகே இடிக்கலாம் என்றும், விதியை மீறி இடித்த அலுவலரே பொறுப்பேற்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளுக்கு அந்த நெறிமுறை பொருந்தாது என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஐந்து வாரத்துக்குள், டிசம்பர் 17 அன்று, மீரட் நகரில் குடியிருப்பு மனையில் எழுந்த கடைகள் குறித்த வழக்கில் அதே நீதிமன்றம் எதிர்த்திசையில் அழுத்தம் கொடுத்தது. காலம் கடந்துவிட்டது, பணம் செலவாகிவிட்டது என்பதற்காக விதிமீறலைப் பொறுத்துக்கொள்ள முடியாது. பணி நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரமும் குடிநீரும் தரக் கூடாது. கண்டுகொள்ளாமல் இருந்த அலுவலர் மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. அவசரப்பட்டு இடித்தாலும் அலுவலருக்குக் கேடு, இடிக்காமல் இருந்தாலும் கேடு என்ற நிலையில், இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் உள்ள ஒற்றையடிப் பாதையைக் காட்டித் தருவது மாநகராட்சி வழக்கறிஞரின் வேலையாகியிருக்கிறது. இந்த வேலையை நன்றாகச் செய்யக்கூடியவரை அலுவலர்களே தேடி வருகிறார்கள் என்பதையும் அண்மையில் கவனித்து வருகிறேன்.

கட்டட வழக்குகளைவிட எனக்கு மனநிறைவு தந்தவை பூங்கா வழக்குகள். மனைப்பிரிவுக்கோ பெரிய கட்டுமானத்துக்கோ அனுமதி கேட்கும்போது, நிலத்தின் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலைகள் நீங்கலாகப் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் வழியுண்டு. இந்த விதி செல்லுமா என்ற கேள்வியை 2023இல் உச்ச நீதிமன்றம், சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர்கள் தொடர்ந்த வழக்கில், செல்லும் என்று சொல்லி முடித்துவைத்தது. ஆனால் தானப் பத்திரம் எழுதிக்கொடுத்ததோடு காரியம் முடிவதில்லை. உள்ளாட்சி வேலி போடாமல் விட்ட இடத்தில், இருபது ஆண்டு கழித்து மனைப்பிரிவு போட்டவரின் வாரிசு பட்டாவோடு வந்து, மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது நிலையான தடையாணை, கேட்டு வழக்குப் போடுவார். அந்த வழக்கில் மாநகராட்சி ஆஜராகாமல் ஒருதரப்புத் தீர்ப்பாகிவிட்டால், ஒரு தெருவின் பிள்ளைகள் விளையாட வேண்டிய இடம் காகிதத்தில் மறைந்துவிடும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் அசல் நகலை நகர் ஊரமைப்பு இயக்ககத்திலிருந்து வரவழைத்து, கிராம நிர்வாக அலுவலரின் நிலப் பதிவேடான அடங்கலோடு ஒப்பிட்டுச் சாட்சியம் போடுவதுதான் இதில் முழு வேலையும். பொதுத் தெருவின் ஒரு பகுதியை இழந்த உள்ளாட்சி அதை மீட்க 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் 30 ஆண்டுகள் தருகிறது என்பதை நினைவில் வைத்திருக்கும் ஒரு வழக்கறிஞர், கைவிட்டுப்போன கோப்புகள் சிலவற்றை உயிர்ப்பிக்க முடியும்.

இந்த இடத்தில் ஊர்களுக்கு இடையிலான வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ சென்னை மாநகராட்சியோ என்றால், வழக்குகள் பெரியவை, முன்னால் மூத்த வழக்கறிஞர்கள் நிற்பார்கள், பட்டியலில் பல பேர் இருப்பதால் ஒருவருக்கு ஒரே வகை வழக்குகளே திரும்பத் திரும்ப வரும். மாவட்டத் தலைநகரில் உள்ள மாநகராட்சியில் அனுமதி, மீறல், பூங்கா, நீர்நிலை, கடை ஏலம், சொத்துவரி எல்லாம் ஒரே மேசைக்கு வரும். சாட்சியை விசாரிக்கவும் குறுக்கு விசாரணை செய்யவும் வேண்டியிருக்கும். நீதிப்பேராணை மட்டுமே செய்து வளர்ந்த வழக்கறிஞர்களுக்குக் குறுக்கு விசாரணை என்றால் ஓர் அச்சம் உண்டு, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் நிலச் சட்டத்தில் நிலைத்து நிற்க விரும்புகிறவருக்கு அந்த அச்சம் கூடாது.

இப்பணியின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. கட்டணம் குறைவு என்பதைவிட, அது வரும் காலம் தெரியாது என்பதே பெரிய தொல்லை. பட்டியல் நிரந்தரமானது அன்று. ஆட்சி மாறினால் பட்டியலும் மாறும் என்பது எல்லாரும் அறிந்தது. மாநில அரசின் சட்ட அலுவலர்களை வெளிப்படையான முறையில், தகுதி பார்த்து அமர்த்த வேண்டும் என்று 2016இல் பஞ்சாப் மாநில வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. உள்ளாட்சிப் பட்டியல்களில் அந்தக் காற்று இன்னும் போதுமான அளவு வீசவில்லை என்று எண்ணுகிறேன். மாமன்ற உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இந்த வழக்கில் அவ்வளவு முனைப்பு வேண்டாமே என்று சொல்லும் நாளும் வரும். அன்றைக்கு என்ன பதில் சொல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்ளாதவர் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

மனையாளரின் பக்கம்

மறுபக்கத்தின் வலிமை பணத்தில் மட்டும் இல்லை. நிலம் வாங்குவதற்கு முன்பே கட்சிக்காரர் வந்து அமர்கிறார் என்பதுதான் அதன் உண்மையான கவர்ச்சி. முழுமைத் திட்டத்தில் அந்தப் புல எண் எந்தப் பயன்பாட்டில் இருக்கிறது, விவசாயப் பகுதியிலிருந்து குடியிருப்புப் பகுதியாக வகைமாற்றம் கிடைக்குமா, அணுகுசாலையின் அகலம் பதினெட்டு மீட்டரா பன்னிரண்டா, மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்ற தளப்பரப்புக் குறியீடு (எஃப்.எஸ்.ஐ.) எவ்வளவு கிடைக்கும், பக்கத்தில் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் போகிறதா என்பதையெல்லாம் ஆராய்ந்து, வாங்கலாம், வாங்கக் கூடாது என்று எழுத்தில் சொல்வது நிறைவான வேலை. திட்டத்தில் பூங்காவுக்கோ சாலைக்கோ ஒதுக்கப்பட்ட நிலத்தைக் கையகப்படுத்த மூன்று ஆண்டுக்குள் உரிய அறிவிப்பு வராவிட்டால் அந்த ஒதுக்கீடு விடுபட்டதாகக் கருதப்படும் என்ற நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, பல ஆண்டுகள் தம் நிலத்தில் ஒரு கீற்றுக்கொட்டகைகூடப் போட முடியாமல் தவித்த சிறு உரிமையாளர்களுக்கு விடிவு தந்திருக்கிறது. அத்தகையவருக்கு வாதாடும்போது மாநகராட்சியை எதிர்க்கிறோமே என்ற உறுத்தல் எழ வேண்டியதே இல்லை. தவறு பல வேளைகளில் அரசின் பக்கமே இருக்கிறது.

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, பஞ்சாயத்து அப்ரூவல் என்ற பெயரில் மனை வாங்கி வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள் வழக்கறிஞர்களின் படிக்கட்டுகளில் வரிசையாக நின்றன. 2016 அக்டோபர் 20ஐ எல்லையாகக் கொண்டு 2017 மே மாதத்தில் வரன்முறை விதிகள் வந்த பிறகும் அந்த வரிசை உடனே குறையவில்லை. அந்தக் காலத்தில் தனியாகத் தொழில் செய்தவர்கள், நிலப் பயன்பாட்டுச் சட்டம் ஒரு பணி ஓய்வு பெற்ற ஆசிரியரின் சேமிப்பை எப்படித் தொடுகிறது என்பதை நேரில் கண்டார்கள். மாநகராட்சியின் நாற்காலியில் இருந்தவருக்கு அந்தக் காட்சி கிடைக்கவில்லை. மனிதரைப் பார்த்துச் சட்டம் கற்க வேண்டுமென்றால் தனித்தொழில்தான் இடம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரு சரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த அடுத்தடுத்துக் கதவு திறந்திருக்கிறார்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவின் கீழ் 1999 பிப்ரவரி 28 வரை கட்டப்பட்டவற்றுக்கு வழி செய்தார்கள். அதை மேலும் நீட்டிக்கக் கொண்டுவந்த திருத்தங்களை 2006இல் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறகு 2007 ஜூலை 1ஐ எல்லையாகக் கொண்டு 113-சி வந்தது. எப்படியும் ஒரு நாள் கதவு திறக்கும் என்று தெரிந்த கட்சிக்காரருக்கு வேண்டியது வெற்றி அன்று, காலம். ஒரு தடை உத்தரவு, அதற்கு ஒரு நீட்டிப்பு, முறையீடு நிலுவையில் உள்ளது என்ற ஒரு வரி, இவை போதும். சில ஆண்டுகள் இதையே செய்து நல்ல பெயரும் நல்ல காரும் வாங்கிய வழக்கறிஞர், சட்டத்தின் எந்தக் கேள்வியையும் முழுதாக வாதாடி முடித்திருக்க மாட்டார். கட்டணம் உயர உயரக் கல்வி நின்றுபோகும் தொழில் இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று எனக்குச் சில வேளைகளில் தோன்றும். மேலும், மீறல் எல்லாமே கூடுதலாக ஒரு மாடி, குறைவாக ஓர் அடி என்ற அளவில் நிற்பதில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, உறுதிச் சான்று இல்லாத கட்டடத்துக்குக் காலம் வாங்கித் தரும்படி கேட்டு வந்த ஒருவரை நான் திருப்பி அனுப்பினேன். அவர் இரண்டு அறை தள்ளி இன்னொருவரிடம் போனார்.

மற்ற இரண்டு வழிகள்

குடியிருப்போர் சங்கங்களின் சார்பில் வழக்காடுவது மேலே சொன்ன இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் 2011 அக்டோபர் 31 அன்று விதிமீறிய வணிகக் கட்டடங்களுக்கு முத்திரை வைக்கப்பட்டபோது, அதன் பின்னால் பல ஆண்டு வழக்குகளும் நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழுவும் இருந்தன. இந்த வழியில் ஊதியம் சங்கத்தின் உண்டியலைப் பொறுத்தது. செயலாளர் மாறினால் வழக்கின் வேகமும் மாறும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருப்பதால், சதுப்பு நிலம், ஏரி, கால்வாய் சார்ந்த வழக்குகளில் நிபுணத்துவம் பெற இது நல்ல களம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு, அதைச் சுற்றி எங்கே கட்டலாம் என்ற கேள்வி தென்சென்னை முழுவதையும் தொடும் கேள்வியாகிவிட்டது. ஆனால் முதல் பத்து ஆண்டுகளில் இதையே முழுநேரத் தொழிலாகக் கொள்ள வீட்டில் வேறு வருமானம் இருக்க வேண்டும். அப்படி இருப்பவர்களில் சிலர் மிக நல்ல பணி செய்கிறார்கள். இல்லாதவர் மற்ற வழக்குகளோடு ஆண்டுக்கு ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ளலாம்.

சம்பளத்துக்குச் சட்ட அலுவலராகச் சேர்வதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாதம் தவறாமல் பணம் வரும். கோப்பு தொடக்கத்திலிருந்தே கையில் இருக்கும். ஆனால் இந்திய வழக்கறிஞர் கழக விதிகளின் 49ஆம் விதிப்படி, முழுநேரச் சம்பளப் பணியில் இருக்கும் வரை வழக்கறிஞராகத் தொழில் செய்ய இயலாது. கோட்டைக் கழற்றிவைத்தவர் ஐந்து ஆண்டு கழித்து மீண்டும் அணியும்போது, நீதிமன்றத்தில் அவரை அறிந்தவர்கள் குறைந்திருப்பார்கள். வாதாட விருப்பமில்லாதவருக்கும் குடும்பச் சூழலால் நிலையான வருமானம் கட்டாயம் தேவைப்படுபவருக்கும் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

என் தேர்வு

ஐந்து முதல் எட்டு ஆண்டு அனுபவம் உள்ள, கடன்சுமை தாங்கக்கூடிய அளவில் உள்ள ஒரு வழக்கறிஞர் என்னைக் கேட்டால், மாவட்டத் தலைநகர் ஒன்றின் மாநகராட்சிப் பட்டியலை ஏற்றுக்கொள்ளச் சொல்வேன். சென்னையை இரண்டாவதாகவே வைப்பேன். தொழிலின் முதல் ஆண்டிலேயே அதில் நுழைவதை நான் ஏற்கவில்லை, ஏனெனில் கோப்பில் உள்ள தவறை அடையாளம் காணவே சிறிது அனுபவம் வேண்டும். இருபதாம் ஆண்டில் போய்ச் சேர்வதும் பயன் தராது. அதற்குள் தனிக் கட்சிக்காரர்களோடு இத்தனை பிணைப்பு உருவாகியிருக்கும், பாதி வழக்குகளில் ஒதுங்கிக்கொள்ள வேண்டி வரும்.

பிணைப்பு என்ற இந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு தரப்புக்காக ஆலோசனை சொன்னவரோ மனு வரைந்தவரோ அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது வழக்கறிஞர் கழகத்தின் 33ஆம் விதி. கட்சிக்காரர் நம்பிக்கையோடு சொன்னதை வெளியிடக் கூடாது என்ற பழைய சாட்சியச் சட்டத்தின் பாதுகாப்பு, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதிநியமத்திலும் 132ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பட்டியலில் இருந்து விலகிய மறுமாதமே அதே ஊரில் கட்டுமான நிறுவனத்துக்கு ஆஜராவதை 33ஆம் விதி நேரடியாகத் தடுக்காமல் இருக்கலாம், வழக்கு வேறாக இருந்தால். ஆனால் எந்த நகரமைப்பு ஆய்வாளரின் அறிக்கையில் எந்த இடம் வழக்கமாகப் பலவீனமாக இருக்கும் என்பதைக் கோப்பிலிருந்தே கற்றுக்கொண்டு போய் எதிரணிக்கு விற்பது எனக்கு ஒப்புதல் இல்லாத செயல். பட்டியலில் இருக்கும் காலத்தில் அந்த ஊரில் எந்தக் கட்டுமான நிறுவனத்தின் வக்காலத்தும் வாங்குவதில்லை என்றும், விலகிய பின் இரண்டு ஆண்டுகள் அந்த ஊரில் அனுமதி சார்ந்த வழக்குகளை எடுப்பதில்லை என்றும் நான் வைத்துக்கொண்ட வரையறை எவரும் கட்டாயப்படுத்தியதன்று. அதனால் இழந்த வருமானம் உண்மையானது, சிறியதும் அன்று.

இளைய நண்பர் ஒருவர் அண்மையில் இதே தேர்வின் முன் நின்றபோது, கட்டணப் பட்டியலைக் கேட்கும் முன் ஆணையர் அலுவலகத்தில் மூன்று செய்திகளைக் கேட்டறியச் சொன்னேன். அறிவிப்பின் வரைவு வழக்கறிஞரின் பார்வைக்கு வருமா, வழக்கு வந்த பிறகுதான் கோப்பு வருமா என்பது முதலாவது. குறிப்புரை தரும் பொறுப்பு பெயர் சொல்லி ஓர் அலுவலருக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா, வழக்குப் பிரிவு என்று பொதுவாக விடப்பட்டிருக்கிறதா என்பது இரண்டாவது. கடந்த மூன்று ஆண்டுகளில் ஒருதரப்புத் தீர்ப்பான உரிமையியல் வழக்குகளின் பட்டியல் கேட்டால் கொடுப்பார்களா என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் அவருக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. மூன்றாவதற்கு, வழக்குப் பிரிவின் கண்காணிப்பாளர் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதமே இருப்பதாகவும், அதற்குள் யாராவது அந்தப் பட்டியலைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்ததாகவும் சொல்லி, தம் கைப்படப் பராமரித்து வந்த நோட்டை எடுத்துக் கொடுத்தாராம். நாற்பதுக்கு மேற்பட்ட வழக்குகள் அதில் இருந்தன; பதினொன்றின் எதிரே சிவப்பு மையில் பூங்கா என்று எழுதியிருந்தது. நண்பர் அந்த மாநகராட்சியின் வழக்கறிஞர் பட்டியலில் சேர்ந்துவிட்டார்.